பதினேழு கல்

தாண்டவராயனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. தேவனேரிக் குப்பத்தில், அப்பனும் சித்தப்பனும் அண்ணன்மாரும் கட்டுமரம் ஏறிப் பிழைத்த வீட்டில் பிறந்துவிட்டு, இவன் ஒருவன் மட்டும் அலையைத் தாண்டியதுமே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தான். பழகிவிடும் என்று சில தடவை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். ஒரு தடவை வலை மேலேயே எடுத்து வைத்தான். அன்றைக்குக் கரைக்கு வந்ததும் அப்பன், "இவன இட்டுக்கினு போனா மீனு கிட்ட வராதுடா" என்று சொல்லி, செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் தெரிந்தவர் ஒருவரின் கடிகாரக் கடையில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே தொழில் பழகி வந்தவன் மாமல்லபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றுவது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் என்று ஆயிற்று.

சம்பூர்ணம் அவனைக் கட்டிக்கொண்டபோது, கடலுக்குப் போகாத மீனவனா என்று குப்பம் முழுக்கக் கேலி செய்தது. அவளுக்கு அதில் ஒரு சௌகரியம் இருந்தது. காற்று கூடினால் மற்ற வீட்டுப் பெண்கள் மணலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் போட்டு, கல்பாக்கம் குடியிருப்புக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ்ஸில் கொண்டுபோய் விற்பது அவள். வீடு நடந்தது அவள் கூடையில்தான். அதை ஒருநாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. அவன் பேசாமல் இருப்பதைத்தான் சொல்லிக்காட்டுவாள்.

"வாயில இன்னா, கடியாரத்து ஸ்பிரிங்க வெச்சிகினு கீறியா? முழுங்கிடப் போற. துப்பிட்டுப் பேசுய்யா."

அவன் சிரிப்பான். பேச மாட்டான்.

எழுபத்திரண்டில், மாமல்லபுரத்து மணலில் சடைமுடியும் கசங்கின லுங்கியுமாக வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த காலம். அவர்களில் ஒருவன் கைக்கடிகாரத்துக்கு வார் மாற்ற வந்தான். அந்தக் கடிகாரத்தின் நடுவில் இருந்த நீள முள், செத்துப்போனது போலப் பன்னிரண்டிலேயே நின்றது. ஆனால் காதில் வைத்தால் ஓடுகிற சத்தம். சாவிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். தாண்டவராயன் மேல் பொத்தானை அழுத்தினான். நீள முள் துள்ளிக் கிளம்பி ஓடியது. இன்னொரு தடவை அழுத்தினான், நின்றது. கீழ்ப் பொத்தானை அழுத்தினான். எங்கேயோ நின்ற முள் ஒரே தாவலில் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

தாண்டவராயனுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ கடிகாரங்களைப் பிரித்தவன். கடிகாரம் என்றால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். சொன்னால் ஓடி, சொன்னால் நின்று, சொன்னால் வீட்டுக்குத் திரும்புகிற முள்ளை அவன் கண்டதே இல்லை. ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருக்கும் ஸ்டாப் வாட்சும் கைக்கடிகாரமும் ஒரே கூட்டுக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது. வார் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரன் போய்விட்டான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்த தாண்டவராயன், தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எடுத்தான்.

"இன்னாய்யா, தட்டு ஒழுகுதா?" என்றாள் சம்பூர்ணம்.

அப்படி ஒன்றை வாங்குவது நடக்காத காரியம். அதனால் செய்துவிடுவது என்று தீர்மானித்தான். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய கடிகாரச் சாமான் விற்கும் காதர் பாயிடம், அந்த வகை எந்திரத்தின் உள்கூடு ஒன்று கிடைத்தது. பாதிச் சக்கரங்கள் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தான். எண் போட்ட முகத்தட்டை, உப்புத் தண்ணீர் புகுந்து பாழான கடிகாரம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரியிடம் அலாரம் டைம்பீஸ் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டான். தட்டின் அடியில் இருந்த இரண்டு கால்கள் எந்திரத்தின் துளைகளில் உட்காரவில்லை. அவற்றை வெட்டிவிட்டு வேறு கால் பற்றவைத்தான். பொத்தான் ஒன்று உருண்டைத் தலை, ஒன்று காளான் தலை. முட்களைத் தீயில் காட்டி நீலம் ஏற்றினான்.

மிச்சம் இருந்தது கல். சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க, கடிகாரத்துக்குள் சின்னச் சின்னதாகச் சிவப்பு மணிகள் பதித்திருப்பார்கள். நடுவில் முடி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அச்சின் நுனி அதில் சுற்றும். கம்புக் குருணை அளவுகூட இராது. பார்க்க மாணிக்கம் போல இருக்குமே தவிர, உலையில் காய்ச்சிச் செய்வதுதான். கடிகாரக்காரர்கள் அதைக் கல் என்பார்கள். தாண்டவராயனின் எந்திரத்துக்குப் பதினேழு கல் வேண்டும். பாதி உடைந்திருந்தன.

வேறு எதையும் பேசாத மனுஷன், சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் இதை மட்டும் சொன்னான். "இன்னிக்கு ரெண்டு கல்லு கெடச்சுது." பிறகு ஒரு நாள், "இன்னும் மூணு கல்லு பாக்கி." ரெண்டு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"சம்பூர்ணம்! பதினேழு கல்லும் சேந்துடுச்சு!"

சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. மனசுக்குள் எண்ணினாள். ஏழு கல் தோடு ஒரு ஜோடி என்றால் பதினாலு. மூக்குத்திக்கு மூணு. பதினேழு. கணக்கு ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. மகள் ஆதியம்மாளுக்குக் கொக்கிலமேட்டில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த ஊமை மனுஷனா, ரெண்டு வருஷமாக, ஒன்றும் சொல்லாமல்! 

நகை நட்டைப் பற்றி வாய்விட்டுப் பேசினால் கண் பட்டுவிடும் என்பது அந்தக் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்டாள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

"செவப்பா?"

"ரத்தச் செவப்பு."

"பத்திரமா வெய்யி."

"பிஸ்கோத்து டப்பாவுல வெச்சிக்கீறேன்."

இரண்டு பேரும் மனநிறைவோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாய் பூவாயி, கொக்கிலமேட்டில் கருவாடு போட்டு விற்பவள். புருஷன் இல்லாமல் பிள்ளை மூர்த்தியை வளர்த்து ஆளாக்கியவள். நாக்கு மட்டும் சுறா முள். வெற்றிலையை மடித்துக்கொண்டே சபைக்கு நடுவில் கேட்டாள்:

"பொண்ணுக்குக் காதுல இன்னா போடறீங்கோ? அப்பாரு கடியாரக்காரராச்சே. பெரிய முள்ளு ஒரு காதுல, சின்ன முள்ளு ஒரு காதுலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையன்கூடச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சம்பூர்ணத்துக்குக் காது மடல் சுட்டது. கண் படுவதாவது, மண்ணாவது.

"காதுக்கு ஏழும் ஏழும் பதினாலு, மூக்குக்கு மூணு. பதினேழு கல்லு அண்ணி. ரத்தச் செவப்பு. எங்க வூட்டுக்காரரு மெட்ராசுக்கு நடையா நடந்து ஒண்ணொண்ணா சேத்து வெச்சிக்கீறாரு. போதுமா, இன்னும் வேணுமா?"

தாண்டவராயன் அப்போது கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தான். அது மூக்கு வழியாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவன் தலையைத் தட்டினார். பூவாயியின் வெற்றிலை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"பதினேழா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? தோ குந்திகினு கீறாரே, அவரையே கேளு."

சபை மொத்தமும் திரும்பியது. பூவாயி கேட்டாள்: "மெய்யாலுமா அண்ணாத்த? பதினேழு கல்லு கீதா?"

தாண்டவராயன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். இருக்கிறதா என்றால் இருக்கிறது.

"கீது" என்றான். "பதினேழும் கீது."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனான். விருந்தாளிகள் போனதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "சம்பூர்ணம், அந்தக் கல்லு இன்னான்னா..." என்று ஆரம்பித்தான்.

"ஷ்! வெளிய வெச்சி இன்னா பேச்சு? நானே வாய வுட்டுட்டேன், கண்ணு பட்டுடப் போவுது."

அடுத்த நாள் மறுபடியும் போனான். அவள் மிளகாயும் உப்பும் எடுத்து அவனையே நிற்க வைத்துத் திருஷ்டி சுற்றினாள். சுற்றும்போது பேசக் கூடாது. சுற்றி முடித்தபிறகு அவனுக்குத் தைரியம் இல்லை. கடிகாரமும் முடிகிற கட்டத்தில் இருந்தது. நீள முள் கிளம்பியது, நின்றது. பன்னிரண்டுக்குத் திரும்புவது மட்டும் இல்லை. உள்ளே அதைத் தள்ளிவிடுகிற சிறு ஸ்பிரிங் ஒன்று ஒடிந்திருந்தது. காதர் பாய் வரச் சொல்லியிருந்தார். இதை முடித்துவிடுவோம், பிறகு கடிகாரத்தை அவள் கையிலேயே கொடுத்து, அழுத்திப் பார்க்கச் சொல்லி, அப்படியே விஷயத்தையும் சொல்லிவிடலாம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலை பஸ்ஸில் சென்னைக்குப் புறப்பட்டான்.

அவன் தலை மறைந்ததும் சம்பூர்ணம் பிஸ்கோத்து டப்பாவைத் திறந்தாள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. பத்தரிடம் கொடுத்தால்தானே தோடு ஆகும்? இந்த மனுஷன் தானாக எந்தக் காரியத்தைச் செய்தான்?

டப்பாவுக்குள் ஒரு கடிகாரம் இருந்தது. கல்லைக் காணோம்.  டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். இரண்டு திருகாணிதான் விழுந்தது. பிறகு கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக் கனம் பார்த்தாள். மெதுவாகச் சிரிப்பு வந்தது. திருடன் கண்ணில் படாமல் இதற்குள் வைத்து மூடியிருக்கிறான்! கெட்டிக்காரன்.

"அது நைனாவோட கடியாரம்மா. எடுக்காத, நைனா கத்தும்" என்றாள் ஆதியம்மாள்.

"உனக்குத்தாண்டி எடுக்கறேன். அது என்னிக்குக் கத்திச்சு?"

இருந்தாலும் எதற்கும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று, கல்பாக்கத்துக்குக் கூடையோடு போனவள் ராஜம் வீட்டு வாசலில் இறக்கினாள். ராஜம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரருக்கு அங்கே அணுசக்தி ஆபீசில் உத்தியோகம். மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள்.

"அம்மா, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாரு."

ராஜம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். முகத்தட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "செவன்டீன் ஜூவல்ஸ்."

"அப்டின்னா?"

"செவன்டீன்னா பதினேழு. ஜூவல்னா நகை. கல்லுன்னும் சொல்லலாம். பதினேழு கல்லு வச்சதுன்னு அர்த்தம்."

"பாத்தியா!" என்றாள் சம்பூர்ணம்.

ராஜம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள். முகம் மாறிவிட்டது. "ஏ சம்பூர்ணம், எங்க வீட்டு அவுக வாட்ச்சிலயும் இதேதான் போட்டிருக்கு. அப்பம் தினமும் பதினேழு கல்லைக் கையில கட்டிக்கிட்டா சைக்கிள்ல போறாவ! நான் காதுல பிளாஸ்டிக்கு மாட்டிக்கிட்டு அலையுதேன்!"

மீனுக்குப் பேரம் பேசக்கூட மறந்து ராஜம் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். சம்பூர்ணம் அடுத்த பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனாள்.

உலகநாதன் பத்தர் கடை, பஜாரில் ஒரு ஆள் காலை நீட்ட முடியாத அளவு. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது கடியாரம்மா."

"எனக்குத் தெரியாதா? உள்ள கல்லு கீது, பதினேழு. எழுத்துலயே போட்டுக்கீது. ஏழுகல் தோடும் மூக்குத்தியும் பண்ணணும்."

பத்தர் நம்பாமல்தான் பின் மூடியைக் கத்தியால் நெம்பினார். பித்தளை மஞ்சளுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் மின்னின. அவரும் திகைத்துப்போனார். "அட, ஆமாம்! ஆனா ரொம்பத் துளியூண்டா கீதே."

"அது நண்டு மாதிரி பத்தரே. கண்ணுதான் மேல தெரியும். ஒடம்பு மண்ணுக்குள்ள பொதைஞ்சிகினு இருக்கும்."

"எடுத்தா கடியாரம் போயிடுமேம்மா. ஓடிக்கினு வேற கீது."

"கடியாரம் யாருக்கு வேணும்? கல்ல எடு."

அதுவரை கடைக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்தர் ஊசியை உள்ளே விட்டதும் அது நின்றது. நின்றபிறகுதான் அது கேட்டுக்கொண்டிருந்ததே சம்பூர்ணத்துக்கு உறைத்தது. சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சுருண்டிருந்த இரும்புப் பட்டை ஒன்று சீறிக்கொண்டு எழுந்து பத்தரின் கண்ணாடியில் அடித்தது. "ஐயோ!" என்று அவர் பின்னால் சாய்ந்தார். பயம் தெளிந்ததும் மறுபடி குனிந்து, முதல் கல்லை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கையில் காணவில்லை. தேடினால் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒடம்பே இல்லம்மா. கண்ணு மட்டுந்தான். அதுலயும் ஓட்டை."

"எதுல?"

"கல்லுல. நட்ட நடுவுல ஓட்டை."

"அது சொத்தையா இருக்கும். அடுத்தத எடு."

அடுத்ததிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும். வந்தவரை எல்லாவற்றையும் எடுத்துப் பத்தர் தராசில் போட்டார். தட்டு அசையவில்லை. முகத்தை எட்ட வைத்துக்கொண்டு, "மூச்சு விட்டா பறந்துடும் போலக் கீது" என்றார். ஒன்றை உரசிப் பார்த்துவிட்டு, "மாணிக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. செஞ்ச சரக்கு. இத வெச்சுக்கினு கொசுவுக்குத்தான் தோடு போடலாம்."

சம்பூர்ணம் எழுந்திருக்கவில்லை. பத்தர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கூடையை மறந்தது அதுதான் முதல் தடவை.

வெயில் தாழும் நேரத்தில் தாண்டவராயன் சென்னையிலிருந்து வந்தான். சட்டைப் பையில், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித் தாளில் மடித்த ஸ்பிரிங். வீட்டு நடுவில் ஒரு அலுமினியக் கிண்ணம் இருந்தது. ஆதியம்மாள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கிண்ணத்தில் மீன் செதில் என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்தவன், நீல நிறத்தில் ஒன்று வளைந்து கிடப்பதைக் கண்டான். அவன் தீயில் காட்டி எடுத்த முள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கிண்ணத்தைத் தொடவில்லை.

"இன்னாய்யா இது?" என்று முதலில் கேட்டவள் சம்பூர்ணம்தான். குரலே அவளுடையதாக இல்லை. "இன்னா கல்லுய்யா இது? ஊதுனா பறக்குது!"

"பத்தராண்ட போனியா?"

"பின்ன எங்க போவாங்கோ? ரெண்டு வருசமா கல்லு கல்லுன்னு நீதானே சொன்ன?"

"கடியாரத்துக் கல்லும்மே. சக்கரம் சுத்தறதுக்கு."

"அப்போ ஆதிக்கு?"

"ஆதிக்குன்னு நான் என்னிக்குச் சொன்னேன்?"

 யோசித்துப் பார்த்தால், சொல்லவே இல்லை. அவன் சொன்னது கல் என்ற ஒரு சொல். மிச்சம் எல்லாம் அவள் போட்டுக்கொண்டது.

"நிச்சயத்தன்னிக்கு அத்தினி பேரு முன்னால கீதுன்னியே?"

"பதினேழு கீதான்னு கேட்டாங்கோ. இருந்துது."

"சரி, ஆதிக்கு இல்லன்னா யாருக்குத்தான்யா செஞ்ச?"

தாண்டவராயன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு."

சம்பூர்ணத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுவரை பெரிய வேலை இருந்ததில்லை. எனக்கு ஜுரம் அடிக்குது, எனக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்து. அதற்கு மேல் அவனும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒரு மனுஷன் தனக்கென்று ஒன்றை ரெண்டு வருஷம் செய்திருக்கிறான், பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு அது தெரியவில்லை.

"உனக்கு அது எதுக்குய்யா?"

"சும்மாதான்."

 விடிந்ததும் சம்பூர்ணம் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாய்யா" என்றாள். "பூவாயி அண்ணியாண்ட போய்ச் சொல்லிடலாம். கல்யாணத்தன்னிக்கு அம்மாம் பெரிய கூட்டத்துல அசிங்கப்படறதுக்கு, இன்னிக்கே நின்னுபோனா நின்னுபோவட்டும்." சொல்லும்போது மகள் பக்கம் பார்க்கவில்லை. ஆதியம்மாள் அடுப்புக்கு முன்னால் விறகை வைத்துக்கொண்டு, பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கொக்கிலமேட்டு மணலில் பூவாயி நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் முந்தானையிலிருந்து கல் மடித்த காகிதத்தைப் பிரித்து நீட்டி, ஒன்று விடாமல் சொன்னாள். பூவாயி குனிந்து பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள், தாண்டவராயனைப் பார்த்தாள், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு பரப்பின நெத்திலி மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி மகளே! என் மானமே போச்சே!"

"என் மானந்தான் அண்ணி போச்சு. கல்யாணம் வேணாம்னாலும் சரி..."

"நீ ஒருத்தி! கல்யாணத்த யாரு பேசினாங்கோ? சதுரங்கப்பட்டினத்துல எங்க அண்ணன் பொண்டாட்டி கல்யாணி கீறா இல்ல? கடியாரக்காரன் பொண்ணான்னு மூக்கச் சுளிச்சா. பதினேழு கல்லுடி, ரத்தச் செவப்புடின்னு அவ வூட்டு வாசல்லயே நின்னு சொல்லிட்டு வந்துக்கீறேன்! அவ பொண்ணுக்கே அஞ்சு கல்லுதான் போட்டா! இப்ப நான் எந்த மூஞ்ச வெச்சுக்குவேன்?"

 திட்டு வாங்க வந்த சம்பூர்ணம், பக்கத்தில் உட்கார்ந்து பூவாயியின் முதுகைத் தடவும்படி ஆயிற்று.  பூவாயிதான் முதலில் எழுந்து, சேலையில் ஒட்டின நெத்திலியைத் தட்டிவிட்டாள்.

"எவ வந்து உரசிப் பாக்கப் போறா? செவப்புக் கண்ணாடியும் செவப்புதான். தங்கத்த தங்கமா போட்டுடு. கல்லுக்கு பதிலு கண்ணாடி. பத்தராண்ட நானும் வரேன். பேரம் பேச உனக்குத் தெரியாது." திரும்பித் தாண்டவராயனைப் பார்த்தாள். "நீ மட்டும் வாயத் தொறக்காத அண்ணாத்த. நீ கீதுன்னு சொன்ன பாரு, அதான் எல்லாத்துக்கும் வெனை."

தாண்டவராயன் தலையாட்டினான். தன் மகளின் கல்யாணம் நிற்கப் போய், மறுபடி கிளம்பியதை மணலில் நின்றபடியே பார்த்தவனுக்கு, வாயைத் திறக்க எப்படியும் தெம்பு இல்லை. கடிகாரம் என்ற பேச்சு அங்கே யார் வாயிலும் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆதியம்மாளின் காதிலும் மூக்கிலும் பதினேழு கண்ணாடியும் வெயிலில் தகதகவென்று இருந்தன. பந்தியில் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பூவாயி யாரையும் ரொம்ப நேரம் கிட்டே நிற்க விடவில்லை. ஆனால் சதுரங்கப்பட்டினத்துக் கல்யாணி லேசில் விடுகிறவளா? பெண்ணின் காது மடலைத் தூக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, பந்திக்கு நடுவில் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த தாண்டவராயனைப் பிடித்துக்கொண்டாள்.

"இம்மாம் கல்லையும் எங்கேந்து புடிச்சீங்கோ அண்ணாத்த? ஒண்ணுக்கொண்ணு ஜாடை மாறாம கீதே!"

குழம்பு வாளியோடு போய்க்கொண்டிருந்த சம்பூர்ணம் நின்றாள். பூவாயிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. தாண்டவராயன் தொண்டையைக் கனைத்தான். ஒரு வார்த்தைதான் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"லேசுல கெடைக்கல" என்றான். "மூர் மார்க்கெட்ல ஒரு பாய் கீறாரு. மொதல்ல அவராண்ட கூடுதான் கெடச்சுது. வெறுங்கூடு."

"கூடா?"

"பதிக்கறதுக்குக் கூடு வேணுமே. அப்புறந்தான் கல்லு. உடைஞ்சது எது, நல்லது எதுன்னு லென்ஸ் வெச்சிப் பாக்கணும். ஒண்ணொண்ணையும் பெட்ரோல்ல கழுவணும்."

"பெட்ரோல்லயா!" என்று கல்யாணி மார்பில் கை வைத்தாள். பக்கத்து இலையில் இருந்தவர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ஒரு தூசி இருந்தாப் போச்சு. முள்ளு ரொம்பப் பேஜாரு. நெருப்புல காட்டினா மஞ்சளாவும், அப்பால பழுப்பாவும், அப்பாலதான் நீலம். நீலம் வந்த ஒடனே எடுத்துடணும். கண்ண சிமிட்டினா கறுத்துடும்."

"முள்ளா? இன்னா முள்ளு?"

"தோட்டு முள்ளு! தோட்டு முள்ளச் சொல்றாரு!" என்று பூவாயி பாய்ந்து வந்தாள். "போதும் அண்ணாத்த, போயி சாப்புடு."

அவன் காதில் அது விழவே இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ஒன்றை அவற்றுக்கு நடுவே பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சம்பூர்ணம் இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது, அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று. பந்தியின் கோடியிலிருந்து யாரோ குழம்பு கேட்டார்கள். இன்னொருத்தர் இலையைத் தட்டிக் கேட்டார். அவள் வாளியைத் தரையில் வைத்தாள்.

"அப்பால இன்னாய்யா பண்ண?" என்றாள்.

தாண்டவராயன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பூவாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். சம்பூர்ணம் நகரவில்லை, கேட்டது கேட்டபடி நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, முகத்தட்டின் கால்கள் துளையில் உட்காராமல் அவனை மூன்று மாதம் அலைக்கழித்த கதையை ஆரம்பித்தான்.